அலர்ஜிக்கு எந்த டாக்டர்?

விடிந்தால் அடுக்குத் தும்மல், ராத்திரியானால் வீசிங், மாதக்கணக்கில் அடங்காத அரிப்பு என்று அவதிப்படுகிறவர் ஒருநாள் முடிவெடுப்பார்: நல்ல அலர்ஜி ஸ்பெஷலிஸ்ட் ஒருவரைப் பார்த்துவிட வேண்டும். முடிவு சரிதான். ஆனால் அரியலூரிலோ செங்கோட்டையிலோ இருப்பவர் அந்தப் பெயர்ப்பலகையைத் தேடிக் கிளம்பினால் கண்ணில் படாமலே போகலாம். அமெரிக்காவில் அலர்ஜி, இம்யூனாலஜி இரண்டுக்கும் சேர்த்துச் சான்றளிக்கும் தனி வாரியம் 1971இலிருந்து இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை அந்த ஊர் ஏற்பாட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் நாட்டில் அலர்ஜிக்கென்று பரவலான முதுநிலைப் படிப்பு கிடையாது. நுரையீரல், காது மூக்கு தொண்டை, தோல், குழந்தை நலம், பொது மருத்துவம் ஆகியவற்றில் ஒன்றைப் படித்து முடித்த டாக்டர், அதற்கு மேல் அலர்ஜியில் பயிற்சி எடுத்துக்கொண்டு வருகிறார். அதனால் உங்களுக்கு வேண்டிய ஆள் வேறொரு பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இம்யூனாலஜி என்ற சொல்லும் ஆளை அலையவிடும். இங்கே அந்தத் துறைக்கான டி.எம். பட்டத்தின் முழுப்பெயர் ‘கிளினிக்கல் இம்யூனாலஜி அண்டு ருமட்டாலஜி’. புதுச்சேரி ஜிப்மரிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இந்தத் துறை உண்டு. முடக்குவாதம், லூபஸ் போல உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய்கள்தான் அவர்களுடைய அன்றாட வேலை. மூக்கடைப்புக்காக அந்த வரிசையில் நின்றால் அரை நாள் போய்விடும், கடைசியில் வேறு துறைக்குச் சீட்டு எழுதித் தருவார்கள்.

முதல் கதவு

உடம்பில் எந்த இடம் அதிகம் படுத்துகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். மூக்கு ஒழுகல், அடைப்பு, தும்மல், கண் அரிப்பு என்றால் காது மூக்கு தொண்டை டாக்டர். குழந்தைக்கு எது வந்தாலும் முதலில் குழந்தை நல டாக்டர்தான். பால், முட்டை, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தையின் எடையையும் வளர்ச்சியையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர் அவர். எதை நிறுத்துவது என்று சொல்வதோடு, நிறுத்தியதற்கு ஈடாக எதைக் கொடுப்பது என்பதையும் அவரால்தான் சொல்ல முடியும்.

இளைப்பும் வீசிங்கும் நெஞ்சு டாக்டரின் வேலை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பிரிவுக்குக் காசநோயின் பெயரும் சேர்ந்தே இருப்பதால், மக்கள் அதை ‘டி.பி. ஆஸ்பத்திரி’ என்றே சொல்கிறார்கள். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் அந்த வாசலில் ஏறத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தால் ஆஸ்துமாவை வருஷக்கணக்கில் ஊசியிலும் நெபுலைசரிலும் ஓட்டிவிடுபவர்கள் நிறைய. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை அங்கேதான் நடக்கும். மூச்சுக்குழல் சுருங்கியிருக்கிறதா, மருந்து கொடுத்தால் விரிகிறதா என்று அளந்து பார்க்காமல் ஒருவருக்கு ஆஸ்துமா என்று முத்திரை குத்துவதும் தவறு, இல்லை என்று அனுப்பிவிடுவதும் தவறு. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் தமிழ்நாட்டில் திறக்கப்பட்டன. இராமநாதபுரம், விருதுநகர், நாகப்பட்டினம், கள்ளக்குறிச்சி எல்லாம் அதில் அடக்கம். முன்பு மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருந்தவர்களுக்கு இப்போது மாவட்டத் தலைநகரிலேயே காலை ஓ.பி.யில் சீட்டு வாங்கி நெஞ்சக நோய்ப் பிரிவைப் பார்க்க வழியுண்டு. முதலில் அங்கே போய்ப் பாருங்கள் என்பேன்.

தோல் விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காணாக்கடி என்று நம் பாட்டிமார் சொல்லும் தடிப்பு திடீரென்று எழும்பும், இடம் மாறும், ஒரு நாளுக்குள் அந்த இடத்தில் சுவடில்லாமல் மறையும். ஆறு வாரத்துக்கு மேல் இது நீடித்தால் சாப்பாடு காரணமாக இருப்பது அரிது. இருந்தும் நம் வீடுகளில் முதலில் பறிபோவது கத்தரிக்காயும் கருவாடும்தான். கரப்பான் பண்டம் என்று ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் ரசம் சோற்றில் வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். தடிப்பு மட்டும் நின்றபாடில்லை. அவர்களுக்கு வேண்டியது மருந்தின் அளவைப் படிப்படியாகச் சரிசெய்து, மாதக்கணக்கில் கூடவே வரும் ஒரு தோல் டாக்டர்.

தொட்ட இடத்தில் வரும் அரிப்பு வேறு கதை. கவரிங் நகையில் உள்ள நிக்கல், தலைச்சாயம், சிமெண்டில் உள்ள குரோமேட், ஸ்டிக்கர் பொட்டின் பசை, வயல் ஓரத்துப் பார்த்தீனியம் ஆகியவை இதற்குப் பேர்போனவை. இதற்கு முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் சோதனை உண்டு. ஒட்டி இரண்டு நாள் கழித்து எடுத்து ஒரு முறையும், அடுத்த ஓரிரு நாளில் இன்னொரு முறையும் பார்க்க வேண்டும். வெளியூரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் திட்டத்தோடு போனால் இந்தச் சோதனை முடியாது. தங்க இடம் பார்த்துக்கொண்டு போங்கள்.

பட்டத்தைப் பாருங்கள், கேள்வியைக் கவனியுங்கள்

டாக்டரின் பதிவு எண்ணை அறிய யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. கிளினிக்கிலும், எழுதித் தரும் சீட்டிலும், ரசீதிலும் பதிவு எண் இருக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளே சொல்கின்றன. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் தேடினால் அவர் யார், என்ன படித்தவர் என்பது தெரிந்துவிடும். பிறகு கேட்க வேண்டியது: அலர்ஜியில் எங்கே பயிற்சி எடுத்தீர்கள், எத்தனை காலம்? மரியாதையாகக் கேட்டால் நல்ல டாக்டர் எவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். சோதனைக்கூடத்தில் இம்யூனாலஜி ஆராய்ச்சி செய்து பிஎச்.டி. வாங்கியவர் தம் துறையில் பெரியவராக இருக்கலாம். மருத்துவப் பட்டமும் பதிவும் இல்லாமல் அவர் நோயாளிக்கு மருந்து எழுத முடியாது.

பட்டத்தைவிட நான் அதிகம் நம்புவது முதல் பத்து நிமிடத்தில் அவர் கேட்கும் கேள்விகளைத்தான். அலர்ஜி என்பது ஊரோடும் வீட்டோடும் வேலையோடும் ஒட்டிக்கிடக்கும் நோய். திருப்பூர் பனியன் கம்பெனியில் பஞ்சுத் தூசிக்கு நடுவே நிற்பவர், ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் குரோமில் கை வைப்பவர், பொள்ளாச்சிப் பக்கம் கயிறு திரிப்பவர், ரைஸ்மில்லில் தவிடு அள்ளுபவர் என்று ஒவ்வொருவரும் சுவாசிப்பதும் தொடுவதும் வேறு வேறு. ‘ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் குறைகிறதா? திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சை இறுக்குகிறதா?’ என்று கேட்கிற டாக்டர் பாதி நோயைக் கண்டுபிடித்துவிட்டார். இராமநாதபுரத்துக்காரரிடம் சீமைக் கருவேலம் பூக்கும் காலத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும், அதன் மகரந்தம் இந்தியாவில் நன்கு அறியப்பட்ட ஒவ்வாப்பொருள். தலையணை இலவம்பஞ்சா, படுக்கை எத்தனை வருஷப் பழசு, சுவரில் ஓதம் ஏறுகிறதா, வீட்டில் கரப்பான் பூச்சி உண்டா, புறா கூடு கட்டியிருக்கிறதா, போகிக்கு ஒட்டடை அடித்த அன்று என்ன ஆயிற்று என்றெல்லாம் கேட்க வேண்டும். பக்கத்து டாக்டரைத் தேடுவதில் உள்ள முதல் லாபம் இதுதான். உங்கள் ஊர்த் தூசி அவருக்கும் தெரியும்.

எதுவும் கேட்காமல், உட்கார்ந்தவுடன் பெரிய இரத்தப் பரிசோதனைப் பட்டியலை நீட்டும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சோதனைகளும் அவற்றின் பொருளும்

முன்கையில் துளித்துளியாக ஒவ்வாப்பொருள் கரைசலை வைத்து, அதன் மேல் நுண்ணிய முனையால் லேசாகக் குத்துவது பிரிக் டெஸ்ட். 15 முதல் 20 நிமிடத்தில் முடிவு தெரியும். கூடவே ஹிஸ்டமின் ஒரு துளியும் உப்புக்கரைசல் ஒரு துளியும் வைக்க வேண்டும். ஹிஸ்டமின் தடிக்க வேண்டும், உப்புக்கரைசல் தடிக்கக் கூடாது. இந்த இரண்டும் இல்லாத சோதனையை நம்ப முடியாது. உப்புக்கரைசலைவிட 3 மில்லிமீட்டர் அளவாவது கூடுதலாகத் தடித்தால் அந்தப் பொருளுக்கு எதிர்வினை இருக்கிறது என்று கணக்கு.

எதிர்வினை இருப்பதும் நோய் இருப்பதும் ஒன்றல்ல. இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதையே சொல்வேன். இறாலில் டிரோபோமயோசின் என்றொரு புரதம் இருக்கிறது. படுக்கைத் தூசியில் வாழும் நுண்பூச்சியிலும் கரப்பான் பூச்சியிலும் அதே சாயலுள்ள புரதம் உண்டு. தூசிப்பூச்சி அலர்ஜி உள்ளவருக்கு இறால் சோதனையிலும் தடிப்பு வரலாம். அவரோ சின்ன வயதிலிருந்து இறால் தொக்கு சாப்பிட்டு ஒரு குறையும் இல்லாமல் இருப்பவர். அவரிடம் போய், ‘ரிப்போர்ட்டில் வந்திருக்கிறது, இறாலை விட்டுவிடுங்கள்’ என்பது அநியாயம். மாறாக, இறால் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் உதடு வீங்கி மூச்சு திணறிய ஒருவருக்குச் சோதனையிலும் தடிப்பு வந்தால் அது உயிர் காக்கும் செய்தி. நடந்த கதையோடு வைத்துப் பார்த்தால்தான் முடிவுக்குப் பொருள் உண்டு. அந்தக் கதையைக் கேட்காதவரால் ரிப்போர்ட்டைப் படிக்க முடியாது.

இரத்தத்தில் குறிப்பிட்ட பொருளுக்கான ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைப் பார்ப்பதும் நம்பத்தக்க சோதனைதான். தோல் முழுக்கப் புண்ணாக இருப்பவர், தோல் சோதனைக்காக அலர்ஜி மாத்திரையை நிறுத்த முடியாதவர் ஆகியோருக்கு அதுவே வசதி. ஆனால் ‘200 உணவுகளுக்கு ஒரே பரிசோதனை’ என்று விளம்பரம் செய்யப்படுவது பெரும்பாலும் ஐஜிஜி என்ற வேறு வகை எதிர்ப்பொருளைப் பார்ப்பது. நாம் வழக்கமாகச் சாப்பிடும் பொருளுக்கு ஐஜிஜி இருப்பது இயல்பு. உணவு அலர்ஜியைக் கண்டறிய அது உதவாது என்று ஐரோப்பிய அலர்ஜி அகாதமி 2008இலேயே சொல்லிவிட்டது. அரிசி, பால், துவரம்பருப்பு எல்லாவற்றுக்கும் சிவப்புக் குறி போட்ட தாளை வைத்துக்கொண்டு வளரும் பிள்ளையைப் பட்டினி போடும் பெற்றோரை நினைத்தால் மனசு பதறுகிறது. தலைமுடியை அனுப்பிச் செய்யும் சோதனைக்கும் கையில் புட்டியைக் கொடுத்துப் பலம் பார்க்கும் சோதனைக்கும் எந்த அடிப்படையும் இல்லை.

இன்னொன்று, நம் வீடுகளில் சர்வ சாதாரணமாகப் புழங்கும் ‘ஈஸ்னோபீலியா’. இரத்தத்தில் ஈஸ்னோபில் அணுக்கள் கூடியிருந்தால் அலர்ஜி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 1940இல், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளி காசநோய் சானடோரியத்தின் டாக்டர்கள் பிரிமோட்-மோலரும் பார்ட்டனும், காசநோய் போலவே தோன்றி ஈஸ்னோபில் மட்டும் ஏகமாகக் கூடியிருந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மூன்று வருஷம் கழித்து வெயிங்கார்ட்டன் என்ற டாக்டர் அதற்கு ‘டிராபிகல் ஈஸ்னோபீலியா’ என்று பெயர் வைத்தார். யானைக்கால் நோய் தரும் ஃபைலேரியா புழுவுக்கு எதிராக நுரையீரல் காட்டும் கொந்தளிப்பு அது என்பது பின்னால் தெளிவாயிற்று. ராத்திரி இருமல், இளைப்பு எல்லாம் ஆஸ்துமா மாதிரியே இருக்கும், மருந்து மட்டும் வேறு. குடல் புழுவாலும் ஈஸ்னோபில் ஏறும், மொத்த ஐஜிஇ அளவும் ஏறும். நம் மண்ணில் இந்த எண்களைப் பார்த்தவுடன் புழுவையும் நினைக்கிறவரே கவனமான டாக்டர்.

போகும்முன்

மாத்திரை விஷயம் முக்கியம். செட்டிரிசின், லீவோசெட்டிரிசின் போன்றவை உடம்பில் இருந்தால் பிரிக் டெஸ்டில் ஒன்றுமே தடிக்காது. வழக்கமாக 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஜலதோஷ மாத்திரை, இருமல் சிரப், தூக்கத்துக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளிலும் இதே வகை மருந்து ஒளிந்திருக்கும். அட்டையோடு எடுத்துப் போய்க் காட்டி, எதை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர் கட்டாயம் சொல்ல வேண்டும், தாமாக நிறுத்தவும் கூடாது. கர்ப்பமாக இருந்தால் இந்தச் சோதனையை வழக்கமாகத் தள்ளிப்போடுவார்கள். சித்த மருந்து, நாட்டு மருந்து, பொட்டலப் பொடி எது சாப்பிட்டாலும் மறைக்க வேண்டாம். பெயர் ஒட்டாத பொடி ஒரே நாளில் வீசிங்கை அடக்கிவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும்.

டாக்டர் முன் உட்காரும்போது தடிப்பு மறைந்திருக்கும், அதனால் எழும்பும்போதே செல்போனில் படம் எடுத்து வையுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எங்கே இருந்தீர்கள், எத்தனை நிமிடத்தில் வந்தது, எதைப் போட்டதும் அடங்கியது என்று ஒரு நோட்டில் இரண்டு மூன்று வாரம் எழுதுங்கள். சமைப்பவர் வேறொருவர் என்றால் அவரையும் கூட்டிப் போவது நல்லது. எந்த எண்ணெய், எந்த மசாலா என்பது அவருக்குத்தான் தெரியும்.

அடிக்கடி காய்ச்சலில் விழும் குழந்தை

எதிர்ப்பாற்றலே பிறவியில் குறைந்த குழந்தைகளும் இருக்கிறார்கள். இவர்களுக்குத்தான் உண்மையில் இம்யூனாலஜி டாக்டர் தேவை, இவர்கள்தான் தாமதமாக வந்து சேர்கிறார்கள். பள்ளிக்கூடம் சேர்ந்த புதிதில் பிள்ளைக்கு மாதம் ஒரு சளி பிடிப்பது சகஜம், அதற்குப் பயப்பட வேண்டாம். ஒரே வருஷத்தில் இரண்டு முறை நிமோனியா, நாலு முறை காதில் சீழ், ஆன்டிபயாடிக் இரண்டு மாதம் கொடுத்தும் தீராத தொற்று, எடை ஏறாத குழந்தை, திரும்பத் திரும்ப ஆழமான சீழ்க்கட்டி, பிறந்ததும் போட்ட பி.சி.ஜி. ஊசி கிருமி உடம்பில் பரவுவது ஆகியவை அபாய அறிகுறிகள். குடும்பத்தில் முன்பு ஒரு குழந்தை காரணம் தெரியாமல் கைக்குழந்தையிலேயே தவறியிருந்தால் அதை அவசியம் சொல்லுங்கள். சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் அதையும் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும், டாக்டர் கேட்பது குற்றம் சாட்டுவதற்காக இல்லை. சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, ஜிப்மர், சி.எம்.சி. போன்ற பெரிய இடங்களுக்கு உங்கள் குழந்தை நல டாக்டரிடம் கடிதம் வாங்கிப் போங்கள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளை அவர்கள் பார்க்கும்வரை போடலாமா என்று அவரிடமே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

குளவி கொட்டி, நண்டு சாப்பிட்டு, அல்லது ஒரு ஊசி போட்ட சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்து, குரல் கம்மி, மூச்சு திணறி, தலை சுற்றி விழுந்தால் ஸ்பெஷலிஸ்டைத் தேட நேரமில்லை. 108ஐ அழையுங்கள். மயக்கம் வருகிறவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள். மூச்சு திணறினால் உட்கார்ந்த நிலையே அவருக்குச் சௌகரியம். வேண்டிய மருந்து தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின். டெக்ஸா, ஏவில் ஊசிகளைப் போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அவை துணை மருந்துகள், அட்ரினலினுக்கு மாற்று ஆகாது.

உயிர் தப்பிய பிறகுதான் டாக்டரைத் தேடும் வேலை தொடங்குகிறது. என்ன பொருளால் வந்தது என்று கண்டுபிடிக்காமல் விட்டால் அடுத்த முறைக்காகக் காத்திருப்பதாகத்தான் அர்த்தம். டிஸ்சார்ஜ் சீட்டில் நடந்ததைத் தெளிவாக எழுதி வாங்குங்கள். பிரிக் டெஸ்டை நாலு முதல் ஆறு வாரம் கழித்துச் செய்வார்கள். வெளிநாட்டில் கைப்பையில் வைத்துக்கொள்ளும் தானியங்கி அட்ரினலின் ஊசி நம் ஊர் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே வீட்டில் என்ன வைத்திருப்பது, யார் போடுவது, எந்த அளவு என்பதை டாக்டரிடமே எழுதி வாங்கி, வீட்டில் ஒருவர் பழகிக்கொள்ள வேண்டும்.

நீண்ட சிகிச்சைக்கு முன்

எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லையோ அதையே மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து உடம்பைப் பழக்குவது இம்யூனோதெரபி. 1911இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் லெனார்ட் நூன் புல் மகரந்தத்தைக் கொண்டு தொடங்கிய முறை. தூசிப்பூச்சி, மகரந்தம், தேனீ விஷம் இவற்றுக்கு நல்ல பலன் தரும். காணாக்கடிக்குப் பயன்படாது. ஊசியாகவும் நாக்கடியில் விடும் சொட்டாகவும் உண்டு. 3 முதல் 5 வருஷம் தொடர வேண்டும், ஆகவே கையெழுத்துப் போடும்முன் மொத்தச் செலவைக் கேளுங்கள். கரைசலில் என்னென்ன பொருள் கலந்திருக்கிறது என்று கேளுங்கள். பத்துப் பதினைந்து பொருளை ஒரே புட்டியில் கலந்து கொடுப்பவரைவிட, கதையோடு பொருந்தும் ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுப்பவரையே நான் நாடுவேன். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதபோது ஊசியைத் தொடங்கவே கூடாது. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்துப் பார்க்க வேண்டும், அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ‘போட்டதும் கிளம்பலாம்’ என்கிற கிளினிக் வேண்டாம்.

இத்தனை வருஷம் வாராவாரமோ மாதாமாதமோ போய்வர வேண்டியிருப்பதால், நோயைக் கண்டுபிடிக்க வேலூர் வரை போனாலும் சிகிச்சையைத் தொடர்வதற்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டும் டாக்டர் வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் திட்டத்தை எழுதி வாங்கி, உங்கள் ஊர் டாக்டர் அதை நடத்தித் தருவாரா என்று இருவரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நடுவில் வேலை மாற்றமாகவோ திருமணமாகவோ ஊர் மாற நேர்ந்தால், எந்தக் கரைசல், என்ன செறிவு, கடைசியாகப் போட்ட அளவும் தேதியும் என்ன, எப்போதாவது வீக்கமோ இளைப்போ வந்ததா என்ற விவரங்களோடு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். புட்டியைக் குளிர்ச்சி கெடாமல் எடுத்துப் போங்கள். இடைவெளி விழுந்துவிட்டால் பழைய அளவிலேயே தொடராமல், எந்த அளவிலிருந்து தொடங்குவது என்பதைப் புதிய டாக்டர் தீர்மானிக்கட்டும்.